அறுபது மணி நேரம்

செப்டம்பர் 20, வெள்ளி

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தென்காசி வீட்டு வாசலைத் தாண்டியதிலிருந்து லூப்ளின் பஸ் நிலையம் வரை முப்பத்தொரு மணி நேரம். இங்கே படிக்கும் என் மகள் குழல்வாய்மொழி வந்து காத்திருந்தாள். முழுப்பெயர் போலந்துக்காரர்கள் வாயில் நுழையாததால் இங்கே அவள் வெறும் மொழி. குடல்வால் ஆபரேஷன் நடந்து மூன்று வாரம் ஆகிறது. தையல் காய்ந்துவிட்டது. முகம்தான் சுண்டிப்போயிருக்கிறது.

எனக்கு டிசம்பர் 10 வரை அனுமதி. எண்பத்திரண்டு நாள். அலமாரியின் மேல்தட்டில் முருகன் படத்தை வைத்து விளக்கேற்றினேன். பிள்ளைக்கு மிளகு ரசம்.

செப்டம்பர் 27, வெள்ளி

வெள்ளிக்கிழமையாயிற்றே என்று பால்கனி விளிம்பில் தேங்காய் உடைத்தேன். மூன்றாவது அடியில்தான் உடைந்தது. இரண்டு நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு அம்மாள். குட்டை முடி, ஆண்பிள்ளை போலத் தோள். ஏதோ இரைந்தாள். மொழி நடுவில் நின்று சமாதானம் சொன்னாள்.

"என்னட்டி சொல்லுதா?"

"மேல என்ன, வீட்டை இடிக்கீங்களான்னு கேக்காங்க."

உடைத்த மூடியில் ஒன்றைக் கொண்டுபோய் அந்த அம்மாளின் கையில் வைத்தேன். திட்டிக்கொண்டிருந்தவள் வாயை மூடி, மூடியை மோந்து பார்த்தாள். பெயர் ஹாலினா. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளாம். மொழியும் கூட நின்ற நேரம் இருபது நிமிடம்.

செப்டம்பர் 28, சனி

ஹாலினா ஒரு ஜாடி உப்பு வெள்ளரிக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். காரமே இல்லை. நான்கு தின்றேன்.

அக்டோபர் 5, சனி

மொழிக்கு வகுப்பு தொடங்கிவிட்டது. பகலில் நான் தனி. ஹாலினா வீட்டுக்குப் போய் வருகிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். இங்கிலீஷை, பலசரக்கு கட்டி வரும் பேப்பரையும் ஒரு பழைய அகராதியையும் வைத்துக் கற்றேன். மலையாள எழுத்தைக் கேரளா பஸ் போர்டு கற்றுக்கொடுத்தது. போலிஷை ஹாலினாவின் அடுக்களையில் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டுகிறாள், தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறேன். இதுவரை நாற்பத்தாறு வார்த்தை.

எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்தே பழகிவிட்டது. எத்தனை உரு ஜபம், எத்தனை ஆழாக்கு அரிசி என்று எழுதுகிற மாதிரி இதையும் எழுதுகிறேன்.

ஹாலினாவுடன்: 1 மணி 10 நிமிடம். இதுவரை 4 மணி 30 நிமிடம்.

அக்டோபர் 12, சனி

மொழி இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா, சிநேகத்துக்குமா கணக்கு வைக்கே? மணி, நிமிஷம் சகிதம்."

"வச்சா என்ன? குறையவா போகுது?"

அப்புறம்தான் சொன்னாள், அவளுக்கும் இப்படி ஒரு பாடம் உண்டாம். 'உள்ளூர் வாழ்க்கை' என்று பெயர். இந்த ஊர்க்காரர் ஒருவரோடு அறுபது மணி நேரம் பழக வேண்டும். பழகியதை எழுத வேண்டும். அந்த ஆள் மணிக்கணக்கைத் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டிசம்பரில் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். தேறாவிட்டால் அடுத்த பருவத்துக்குப் போக முடியாது.

"அப்ப நாளைக்கு என்கூட கீழ வா. ஹாலினா உருளைக்கிழங்கு அடை சுடுதாளாம்."

"நாளைக்குக் கிராக்கோவ் போறோம்மா. டிக்கெட் எடுத்தாச்சு."

"பாடம்?"

"இருக்குல்ல ரெண்டு மாசம். இங்க வர்றவங்க யாரும் ஒரே ஊர்ல உக்காந்திருக்க மாட்டாங்கம்மா. விசா இருக்கப்பவே பாத்தாதான் உண்டு. கல்யாணம் பண்ணி வச்சிட்டீங்கன்னா எவன் கூட்டிட்டுப் போவான்?"

அதுவும் சரிதான் என்று பட்டது. நான் குற்றாலத்தைத் தாண்டியதே நாற்பது வயதுக்கு மேல்தான்.

அக்டோபர் 13, ஞாயிறு

கிராக்கோவிலிருந்து ராத்திரி வந்தாள். கால் வீக்கம். வெந்நீர் ஒத்தடம்.

அக்டோபர் 21, திங்கள்

வெள்ளிக்கிழமை பிராக் போனவள் இன்று காலை வந்தாள். பாலம் பாலமாக நாற்பது படம் காட்டினாள். எல்லாப் பாலத்திலும் அவளும் அவள் சிநேகிதிகளும். நடுவில் ஒரு பாலம்கூட முழுதாகத் தெரியவில்லை.

சாப்பிடும்போது அவளாகவே கேட்டாள், "ஹாலினாகூட என்னம்மா செஞ்சே?" முட்டைக்கோஸை உப்புப் போட்டு மிதித்து அமுக்கி வைத்ததைச் சொன்னேன். "மிதிச்சா? காலாலயா?" என்று கண்ணை விரித்தாள். எத்தனை கிலோ, எந்தப் பாத்திரம், அப்போது ஹாலினா என்ன பாட்டுப் பாடினாள், எல்லாம் கேட்டாள். பிள்ளை இவ்வளவு அக்கறையாக என்னிடம் பேசி எவ்வளவு நாளாயிற்று.

நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்துக்கொண்டாள். "நீ ஊருக்குப் போன பெறவு உன் எழுத்தைப் பாக்கணும் போல இருக்கும்லா" என்றாள். அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். கண் கலங்கியதை அவள் பார்க்க வேண்டாம்.

அக்டோபர் 26, சனி

நவம்பர் ஒன்றாம் தேதி இங்கே இறந்தவர்களுக்கான நாள். எல்லோரும் கல்லறைக்குப் போய் விளக்கு வைப்பார்கள். மற்றவர்கள் முன்னதாகவே கல்லைக் கழுவிவிடுவார்களாம். ஹாலினாவுக்கு முழங்கால் வலி, குனிய முடியவில்லை. படியேறி வந்து மொழியிடம் கேட்டாள், ஒரு மணி நேரம் உதவிக்கு வருவாயா என்று. மொழி தலையை ஆட்டி ஆட்டி என்னவோ நயமாகச் சொல்லி அனுப்பினாள். கதவைச் சாத்தியதும் என் பக்கம் திரும்பினாள்.

"சுடுகாட்டுக்குப் போயி கல்லைத் தேய்க்கச் சொல்லுதா. ஆள விடுப்பா. நான் வியன்னா போறேன்."

"பாவம், குனிய முடியலைங்கா. நான் வேணா..."

"நீயா? ரெண்டாந்தேதி உனக்குக் கந்த சஷ்டி விரதம் ஆரம்பிக்கு. தீட்டும்மா. பேசாம வீட்ல இரு."

எனக்கே அவள் ஆசாரம் சொல்கிறாள். சொன்னது சரிதான்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. விடியுமுன் எழுப்பி மொழிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். ஏழு மணி ரயிலுக்குப் போய்விட்டாள். வியன்னா, பிறகு புடாபெஸ்ட். ஐந்து நாள். முறுக்கைக் கீழே கொண்டுபோனேன்.

ஹாலினாவுடன்: 3 மணி. இதுவரை 33 மணி 20 நிமிடம்.

நவம்பர் 1, வெள்ளி

அமாவாசை. குளித்துவிட்டு முருகன் முன்னால் பூக்கட்டிப் பார்த்தேன். கல்லறைக்கென்று ஹாலினா வாங்கி வைத்திருந்த செவ்வந்தியில் வெள்ளை ஒன்றும் மஞ்சள் ஒன்றும் கேட்டு வாங்கி வந்திருந்தேன். ஒரே மாதிரித் தாளில் தனித்தனியாக மடித்துக் குலுக்கிப் போட்டேன். வெள்ளை வந்தால் போகலாம், மஞ்சள் வந்தால் கூடாது. கண்ணை மூடி எடுத்தேன். மஞ்சள்.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். கீழே ஹாலினா வாளியை இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் கதவு பூட்டும் சத்தம். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். தெய்வத்திடம் கேட்டு, பதிலும் வாங்கி, மீறியது ஐம்பத்திரண்டு வயதில் இதுவே முதல் தடவை.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிறதில்லை. இது சுடுகாடு மாதிரி இல்லை. திருவிழாக் கூட்டம். குடும்பம் குடும்பமாக, கையில் பூவும் கண்ணாடிக் குடுவையில் மெழுகு விளக்கும். ஹாலினாவின் புருஷன் கல்லை முதலில் கழுவினோம். அவள் தண்ணீர் ஊற்ற, நான் குனிந்து பாசியைத் தேய்த்தேன். தண்ணீர் பட்டதும் கல் கறுத்தது. காய்ந்ததும் பெயர் வெளுத்துத் தெரிந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். அவள் பின்வரிசைக்கு நடந்தாள். அங்கே ஒரு சின்னக் கல். ஏவா, 1986, 1992. ஆறு வயது. மகள். கை அசைத்தும் எனக்குத் தெரிந்த வார்த்தைகளிலும் சொன்னாள்: காய்ச்சல், மூன்று நாள், ஆஸ்பத்திரி. இந்தக் கல்லை இதுவரை வேறு யாரையும் தொட விட்டதில்லையாம். எங்கள் கட்டடத்தில் யாருக்கும் இப்படி ஒரு பிள்ளை இருந்ததே தெரியாதாம். ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். பிறகு பிரஷை என் கையில் கொடுத்தாள்.

தேய்த்தேன். எழுத்து ஒவ்வொன்றையும் விரல் நகத்தால் சுரண்டினேன்.

என் முதல் பிள்ளையைச் சிற்றாற்றங்கரையில் எந்த இடத்தில் வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பதினோரு நாள் இருந்தது. இவுக, மொழியின் அப்பா, சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. ஹாலினாவிடம் விரலில் பதினொன்று காட்டினேன். அவளுக்குப் புரிந்தது.

இருட்டியபோது மலை முழுக்கத் தீ பிடித்த மாதிரி விளக்கு. வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். முருகனிடம் மன்னிப்புக் கேட்கப் போய் நின்றேன். வாயில் வரவில்லை.

ஹாலினாவுடன்: 6 மணி 40 நிமிடம்.

நவம்பர் 2, சனி

விரதம் ஆரம்பம். பாலும் பழமும்.

நவம்பர் 5, செவ்வாய்

மொழி வந்துவிட்டாள். சளி. சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். "கல்லறைக்குப் போனியா?" என்று கேட்டாள். போனேன் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நோட்ல எழுதியிருக்கியா?" என்றாள்.

கொடுக்கும் முன் அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். ஏவாவைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்று விரலுக்குத் தலையாட்டியவள் நான். ஆனால் அதே பக்கத்தில்தான் என் பிள்ளையும் இருக்கிறது. வாயால் இருபத்துமூன்று வருஷமாகச் சொல்ல முடியாததை அவளாகப் படித்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. கிழிக்கவில்லை.

படம் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போகிற வழியில் படிக்கிறேன் என்று வகுப்புக்குப் போனாள்.

நவம்பர் 7, வியாழன்

சூரசம்ஹாரம். விரதம் முடித்தேன். மொழி ஒன்றும் கேட்கவில்லை. சளி இன்னும் விடவில்லை, அதனால் இருக்கும்.

நவம்பர் 24, ஞாயிறு

மொழி இன்றைக்குத்தான் ஹாலினா வீட்டுக்குள் முதன்முதலாக வந்து உட்கார்ந்தாள். தேநீர் குடித்தாள். ஹாலினாவோடும் அடுப்போடும் முட்டைக்கோஸ் ஜாடியோடும் சேர்ந்து நின்று படம் எடுத்தாள். ஒரு மணி நேரம் இருந்தாள். ஹாலினாவுக்குத் தாங்காத சந்தோஷம். கிளம்பும்போது மொழி அவளிடம் ஒரு அழைப்புக் கடிதம் கொடுத்தாள், நாலாம் தேதி யூனிவர்சிட்டியில் பேச்சு என்று. கூடவே ஒரு தாளும்.

"என்ன தாளு அது?"

"கையெழுத்துத் தாள்மா. பேச்சு முடிஞ்ச பெறவு போட்டுக் குடுத்தாப் போதும்."

"அறுபது மணி நேரம் வேணும்னியே?"

"அதெல்லாம் வந்துட்டுதும்மா. நீ எதுக்கு மண்டையப் போட்டு உடைக்கே?"

எனக்குத் தெரியாமல் பகலில் எப்போதாவது வந்து போயிருப்பாள்.

என் கணக்கு, இதுவரை 61 மணி 15 நிமிடம்.

டிசம்பர் 4, புதன்

எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் கணக்கு நிற்காது.

ஹாலினா தனியாகப் போகக் கூச்சப்பட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நீலச் சட்டை போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தாள். என்னைப் பார்த்ததும் மொழி முகம் மாறியது.

"நீ எதுக்கும்மா வந்தே? எல்லாம் இங்கிலீஷ்லதான். உனக்குப் புரியாது."

"சும்மா உக்காந்திருக்கேன்."

எண்பது பேர் இருப்பார்கள். மொழி ஐந்தாவதாக மேடையேறினாள். நிறுத்தி நிறுத்தி அழகாகப் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தை தப்பவில்லை.

பின்னால் திரையில் ஹாலினாவும் அவளும் நிற்கும் படம். ஹாலினா என் தொடையைத் தட்டினாள், பார் பார் என்று. மொழி சொன்னாள்: நான் முட்டைக்கோஸ் மிதித்தேன். நான் தினமும் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டேன். நான் இந்த வீட்டில் அறுபத்தொரு மணி பதினைந்து நிமிடம் இருந்தேன். என் நோட்டில் இருந்த கணக்கு, நிமிடம்கூட மாறவில்லை.

அப்புறம் கல்லறை. "என் அம்மா ரொம்ப ஆசாரமானவள். சுடுகாடு தீட்டு, போகாதே என்றாள். பூக்கட்டிப் பார்த்தாள், மஞ்சள் வந்தது, சாமியே வேண்டாம் என்கிறது என்று கதவருகே நின்று தடுத்தாள். நான் போனேன்." கூட்டத்தில் மெல்லச் சிரித்தார்கள். "தண்ணீர் பட்டதும் கல் கறுத்தது. காய்ந்ததும் பெயர் வெளுத்துத் தெரிந்தது." அதையும் சொன்னாள். இங்கிலீஷில் அது இன்னும் நன்றாக இருந்தது.

பிறகு ஏவா.

ஹாலினாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் அந்தப் பெயர் காதில் விழுந்தது. சிரித்த முகம் அப்படியே நின்றது. என் கையைப் பிடித்தாள். "ஏவா? ஏவா என்கிறாளா?" ஆறு வயது, மூன்று நாள் காய்ச்சல், யாருக்கும் தெரியாத ரகசியம், எல்லாம் வரிசையாக வந்தது. முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிற்றாற்றங்கரை வரவில்லை. அந்தப் பக்கத்தில் அதை மட்டும் தாண்டிப் போயிருக்கிறாள். அப்படியென்றால் படித்திருக்கிறாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். ஹாலினா என் காதருகே கேட்டாள், "அவளுக்கு எப்படித் தெரியும்?"

மேடையில் பிள்ளை நிற்கிறாள், ரோஜாப்பூ வாங்கிக்கொண்டு. நான் சொன்னேன், "நான் சொன்னேன்."

பொய்யும் இல்லை. எழுதி வைத்தவள் நான்தானே. ஹாலினா தன் கையை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். அவள் முன்னால் உட்கார்ந்தாள்.

டிசம்பர் 5, வியாழன்

காலையில் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"நான் உன்னை வாசல்ல நின்னு மறிச்சேனாட்டி?"

"உனக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"அம்மா, அது ஒரு கதை மாதிரி. ஒரு தடை இருந்தாத்தான் பேச்சு எடுபடும். எல்லாரும் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்லுவாங்க. உன் பேர்கூடச் சொல்லலியே."

"என் பேரு வேண்டாம். நான் செஞ்சதை நீ செஞ்சேன்னியே. நீ சொன்னதை நான் சொன்னேன்னியே. தீட்டுன்னது யாரு?"

"நீ செஞ்சா என்ன, நான் செஞ்சா என்ன? அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவுல அதுக்குமா கணக்கு?"

அடுப்பை அணைத்தேன். "அந்தப் பக்கத்துல கடைசியில ஒண்ணு எழுதியிருந்தேன். படிச்சியா?"

"...படிச்சேன்."

"ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா?"

"பஸ்ல வச்சுப் படிச்சேன்மா. கஷ்டமா இருந்துது. வந்து கேக்கணும்னுதான் நினைச்சேன். அப்புறம் மறந்துட்டேன்."

தோசை கருகிவிட்டது. இன்னொன்று ஊற்றிக் கொடுத்தேன்.

டிசம்பர் 7, சனி

ஹாலினா கதவைத் திறக்கவில்லை. உள்ளே ரேடியோ பாடுகிறது. நான் தட்டியதும் நிறுத்திவிட்டாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

பாடத்தை ஒப்படைக்க மொழிக்கு நாளைக்குக் கடைசி நாள். கையெழுத்துத் தாள் ஹாலினாவிடமே இருக்கிறது. மொழி தட்டினாலும் திறக்கவில்லையாம். சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் சாய்ந்தாள்.

"நீ சொன்னாத்தான்மா கேப்பாங்க. ஒரு கையெழுத்து. இல்லேன்னா நான் திரும்ப மார்ச் வரைக்கும் இதே ஊர்ல கெடந்து அறுபது மணி நேரம் செய்யணும். நாங்க ரோம் போக எல்லாம் புக் பண்ணியாச்சு."

"நீயே போய் உண்மையச் சொல்லு."

"சொன்னாப் போடமாட்டாங்க."

டிசம்பர் 9, திங்கள்

காலை ஆறரைக்கே விளக்கேற்றிவிட்டுக் கீழே போனேன். இந்தத் தடவை பூக்கட்டிப் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே நின்றே பேசினேன். எனக்குத் தெரிந்த போலிஷ் இருநூற்றுச் சொச்சம் வார்த்தை. அதை வைத்துக்கொண்டு எதையும் பூசிச் சொல்ல முடியாது. "மொழி வரவில்லை. நான் வந்தேன். மொழி என் புத்தகத்தைப் படித்தாள். நான் படிக்கக் கொடுத்தேன். மொழி, 'நான் வந்தேன்' என்று சொன்னாள். 'அம்மா போகாதே என்றாள்' என்று சொன்னாள்."

தாழ்ப்பாள் விலகியது.

ஹாலினா ராத்திரிச் சட்டையோடு நின்றாள். என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. மேசை மேல் தாள் கிடந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

"மொழி எத்தனை மணி?" என்று கேட்டாள்.

நான் அறுபது என்று சொல்லியிருந்தால் எழுதியிருப்பாள். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், தாளை அல்ல. தேங்காய் உடைத்த அன்று இருபது நிமிடம். தேநீர் குடித்த அன்று ஒரு மணி.

"ஒரு மணி இருபது நிமிடம்."

எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். மை காய ஊதி, என்னிடம் நீட்டினாள். பிறகு, நேற்று வைத்த பீட்ரூட் சூப்பைச் சூடாக்கி முன்னால் வைத்தாள். குடித்தேன்.

மேலே வந்து தாளை மொழியின் மேசையில் வைத்தேன். பார்த்தாள். திட்டுவாள், அழுவாள் என்று நின்றேன்.

"பெத்த பிள்ளைக்கு இப்படிச் செய்ய எந்தச் சாமிம்மா சொல்லிச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"சாமிகிட்ட கேக்கல."

கதவைச் சாத்திக்கொண்டாள். நாளைக் காலை எனக்கு விமானம். பெட்டியை அடுக்கத் தொடங்கினேன். பதினொரு மணி வாக்கில் மொழி வெளியே வந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் படியிறங்கினாள். கீழ்வீட்டுக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தடவை. திறக்கும் சத்தமும் கேட்டது.

மன்னிப்புக் கேட்கப் போயிருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். முருகா, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கையிலிருந்த புடவையை மடிக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். அவளை வயிற்றில் சுமந்தவள் நான், நம்பாமல் இருக்கக் கூடாது.

பிறகு அவள் அறைக்குள் போய் மேசையைப் பார்த்தேன். தாள் இல்லை. பேனாவும் இல்லை.